எடிட்டிங் சாஃப்ட்வேரிலிருந்து மீட்டிங் ரெக்கார்டருக்கு மாறலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் சின்ன ஆபீஸ்கள், டியூஷன் சென்டர்கள், ஆன்லைனில் பாட்டு சொல்லிக்கொடுப்பவர்கள் என்று பலருடைய மீட்டிங்குகளையும் வகுப்புகளையும் பதிவு செய்து ஒழுங்குபடுத்தித் தருவது என் வேலை. கொரோனா காலத்தில் எல்லாரும் அவசரத்துக்குக் கையில் கிடைத்த எடிட்டிங் சாஃப்ட்வேரை வைத்துத்தான் ஆரம்பித்தார்கள். ப்ரீமியர், ஃபில்மோரா, கேம்டேசியா, டாவின்சி ரிசால்வ் என்று ஆளுக்கு ஒன்று. இப்போது, "மீட்டிங்கைத் தானே பதிவு செய்து தானே எழுதியும் தரும் கருவிகள் வந்துவிட்டனவே, அதற்கே மாறிவிடலாமா?" என்று கேட்கிறார்கள். அவர்களிடம் நான் சொல்லும் பதில்கள் இவை.

இரண்டுக்கும் அடிப்படையில் என்ன வித்தியாசம்?

எடிட்டிங் சாஃப்ட்வேர், எடுத்து முடித்த வீடியோவை இன்னொருவர் உட்கார்ந்து பார்க்கும்படி வெட்டி ஒட்டிச் செதுக்குவதற்கானது. மீட்டிங் ரெக்கார்டர், யார் எப்போது என்ன சொன்னார் என்பதைத் தேடி எடுப்பதற்கானது. ஒரு மணி நேர மீட்டிங்கை யாரும் இரண்டாவது தடவை முழுசாகப் பார்ப்பதில்லை. கஸ்டமர் எந்த ரேட்டுக்கு ஒத்துக்கொண்டார், டெலிவரி தேதி என்ன சொன்னார், அந்த இரண்டு நிமிடம்தான் வேண்டும். டைம்லைனில் அதைத் தேட முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். எழுத்து வடிவம் கையில் இருந்தால் "ரேட்" என்று தட்டினால் போதும்.

அதனால் யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அந்தப் பதிவைப் பிறகு யார், எதற்காகத் திறக்கப் போகிறார்கள்? பார்ப்பதற்கு என்றால் எடிட்டர், தேடுவதற்கு என்றால் ரெக்கார்டர்.

அப்படியானால் மாறவே கூடாதவர்கள் யார்?

யூடியூப் சேனல் நடத்துபவர்கள், வகுப்புகளைக் காசுக்கு விற்பவர்கள், கம்பெனிக்கு விளம்பரப் படம் செய்பவர்கள். வடபழனி, சாலிகிராமம் பக்கம் ஸ்டுடியோ வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. நடுவில் இருப்பவர்களுக்குத்தான் குழப்பம். உதாரணமாக, தி.நகரில் வாரம் முழுக்க ஆன்லைன் வகுப்பு எடுத்துவிட்டு அதில் நல்ல வகுப்பை மட்டும் வீடியோவாகப் போடும் டியூஷன் சென்டர். அவர்கள் அன்றாடப் பதிவுக்கு ரெக்கார்டரையும், வெளியே போகும் வீடியோவுக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பையும் வைத்துக்கொள்ளலாம். டைட்டில் போட, தலையும் வாலும் வெட்ட அது தாராளமாகப் போதும்.

எடிட்டிங்கில் சரிசெய்துகொண்டிருந்தவற்றில், இங்கே எதைச் சரிசெய்ய முடியாது?

சத்தத்தை. மாறுகிறவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான். எடிட்டர் கையில் இருந்தால் "எடுத்துவிடு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்ற பழக்கம் வந்துவிடும். இரைச்சலைக் குறைக்கலாம், குரலை ஏற்றலாம், இருமலை வெட்டலாம். மீட்டிங் ரெக்கார்டரில் அந்த "அப்புறம்" கிடையாது. பதிவான நிமிடமே குரல் எழுத்தாகப் போகிறது, எழுத்து சுருக்கமாகப் போகிறது. குரல் தெளிவில்லை என்றால் அடுத்தடுத்து எல்லாமே தப்பாகும்.

கிண்டி, அம்பத்தூர் பக்கத்து ஆபீஸ்களில் நான் பார்க்கும் காட்சி ஒன்றுதான். நீள மேஜை, நடுவில் ஒரு லேப்டாப், சுற்றி ஐந்து பேர், தலைக்கு மேல் மின்விசிறி, பின்னால் ஏசி, ஜன்னலுக்கு வெளியே ஹாரன். லேப்டாப் மைக்குக்கு விசிறிதான் ரொம்பப் பக்கம். ஐந்து பேரும் ஒரே மைக்கில் பேசுவதால் பல கருவிகள் அவர்களை ஒரே ஆளாகவே எழுதும். முதலாளி சொன்னதும் அக்கவுண்டண்ட் சொன்னதும் ஒரே பெயரில் வந்தால் அந்தக் குறிப்பை வைத்து என்ன செய்வது?

இதற்குப் பெரிய செலவு வேண்டாம். ரிச்சி தெருவில் ஆயிரம் ரூபாய் சுற்றிக் காலர் மைக் கிடைக்கும். மேஜை நடுவில் வைக்கும் யுஎஸ்பி மைக் இன்னும் கொஞ்சம் ஆகும். இல்லையென்றால் ஒவ்வொருவரும் தங்கள் லேப்டாப்பில் ஹெட்செட்டோடு சேரட்டும், ஒரே அறையில் இருந்தாலும் பரவாயில்லை, ஸ்பீக்கரை மட்டும் எல்லாரும் அணைத்துவிடுங்கள். ஜூமில் பதிவு செய்தால், ரெக்கார்டிங் செட்டிங்கில் பங்கேற்பவர் ஒவ்வொருவரின் குரலையும் தனித்தனிக் கோப்பாகச் சேமிக்கும் ஒரு வசதி உண்டு. உங்கள் கம்ப்யூட்டரிலேயே சேமிக்கும்போது அதை டிக் செய்து வையுங்கள். ஒருவர் மைக்கில் நாய் குரைத்தால் அவர் ட்ராக்கை மட்டும் தனியாகக் குறைத்துக்கொள்ளலாம்.

ஆன்லைன் பாட்டு வகுப்பைப் பதிவு செய்தால் தம்புரா காணாமல் போகிறதே, ஏன்?

மயிலாப்பூர், மந்தைவெளி பாட்டு டீச்சர்கள் இதைக் கேட்காத மாதமே இல்லை. மீட்டிங் சாஃப்ட்வேர் எல்லாமே பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. மாறாமல் தொடர்ந்து வரும் ஒலி எதுவோ அதை இரைச்சல் என்று முடிவுகட்டி அடக்கிவிடும், ஏசிக்கும் விசிறிக்கும் செய்வதுபோல. தம்புராவின் வேலையே மாறாமல் தொடர்ந்து ஒலிப்பதுதான், அதனால் அதுவும் அடிபடுகிறது. நீண்ட கார்வையில், அதாவது ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கும்போது, குரல் நடுவில் தேய்ந்து போவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

ஜூமில் ஆடியோ செட்டிங்கில் இசைக்கலைஞர்களுக்கான ஒரிஜினல் சவுண்ட் என்று இருக்கிறது. அங்கே அதைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது, வகுப்பு தொடங்கியதும் திரையின் மேலே வரும் பொத்தானையும் தட்டி ஆன் செய்ய வேண்டும். டீச்சர், மாணவி இருவர் பக்கமும் செய்ய வேண்டும். எதிரொலி நீக்குவதையும் அணைத்தால் இசை இன்னும் சுத்தமாக வரும், ஆனால் அப்போது இருவரும் கட்டாயம் ஹெட்போன் போட்டாக வேண்டும். கூகுள் மீட்டில் ஆடியோ செட்டிங்கில் இரைச்சல் நீக்குவதை அணைத்துவிட்டால் தம்புரா ஓரளவு திரும்ப வரும்.

இன்னொரு விஷயத்தை டீச்சர்களிடம் எப்போதும் சொல்வேன். இணையத்தில் குரல் போய்ச் சேர நேரம் பிடிக்கும். டீச்சர் தாளம் போட மாணவி பாடினால், டீச்சர் பக்கத்துப் பதிவில் அவள் தாளத்துக்குப் பின்னால் இழுபடுவதுபோலத்தான் கேட்கும். அவள் வீட்டில் சரியாகப் பாடியிருப்பாள். அந்தப் பதிவைக் கேட்டுவிட்டு குழந்தையைத் திட்டாதீர்கள். தாளம் போடுவதும் பாடுவதும் ஒரே பக்கத்தில் இருக்கட்டும், அந்தப் பக்கத்திலேயே போனில் தனியாக ஒரு பதிவும் எடுக்கட்டும்.

தமிழில் பேசினால் சரியாக எழுதுமா?

கருவியைப் பொறுத்தது. வாங்கும் முன் மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறதா என்று பாருங்கள், பல பிரபலமான கருவிகள் ஆங்கிலத்தை மனதில் வைத்தே செய்யப்பட்டவை. தமிழ் இருந்தாலும் பிரச்சினை முடிந்துவிடாது, ஏனென்றால் சென்னை ஆபீஸ்களில் பேசுவது தனித்தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. "அந்த இன்வாய்ஸ நாளைக்குள்ள க்ளோஸ் பண்ணிடுங்க, ஜிஎஸ்டி தனியா காட்டுங்க" என்று ஒருவர் சொன்னால், ஆங்கிலம் மட்டும் தெரிந்த கருவி இன்வாய்ஸ், க்ளோஸ், ஜிஎஸ்டி மூன்றையும் பிடித்துக்கொண்டு நடுவில் காதில் விழுந்ததற்கு ஏற்ப ஏதோ ஆங்கில வார்த்தைகளைப் போட்டு நிரப்பிவிடும். படிப்பவருக்கு அது ஒரு முழு வாக்கியம் மாதிரியே தெரியும், ஆபத்தே அங்கேதான்.

ஓப்பன்ஏஐ 2022 செப்டம்பரில் வெளியிட்ட விஸ்பர் என்ற மாடல் தமிழையும் எழுதும், இலவசம், உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஓடும். கோப்பு வெளியே எங்கும் போகாது என்பதால் ஆடிட்டர் ஆபீஸ்களுக்கும் வக்கீல்களுக்கும் நான் இதைத்தான் சொல்வேன். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத பழைய கம்ப்யூட்டரில் மெதுவாகத்தான் ஓடும், ராத்திரி ஓடவிட்டுக் காலையில் எடுத்துக்கொள்ளலாம். அதற்கும் ஒரு கெட்ட குணம் உண்டு: யாரும் பேசாத இடைவெளியில் சொல்லாத வாக்கியத்தைச் சில சமயம் தானே எழுதிவிடும். நம் ஊர் ஐஐடி மெட்ராஸில் இருக்கும் ஏஐ4பாரத் குழுவும் தமிழ் உள்பட இந்திய மொழிகளுக்கான பேச்சு மாடல்களைத் திறந்த முறையில் வெளியிட்டிருக்கிறது, ஆபீஸில் புரோகிராம் தெரிந்த ஆள் இருந்தால் முயன்று பார்க்கச் சொல்லுங்கள்.

எந்தக் கருவியாக இருந்தாலும் தொகை, தேதி, ஆட்களின் பெயர் இந்த மூன்றையும் ஆடியோவைக் கேட்டுச் சரிபார்க்காமல் யாருக்கும் அனுப்பாதீர்கள். ஏஐ எழுதிய சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு பில் போடுவது கூடவே கூடாது.

இலவசமாகவே பதிவு செய்ய முடியுமா?

முடியும். ஜூமின் இலவசக் கணக்கில் கம்ப்யூட்டரில் பதிவு செய்யலாம், ஆனால் மீட்டிங் 40 நிமிடத்தில் நின்றுவிடும். மறுபடி சேர்ந்தால் இரண்டாவது கோப்பாக வரும். மொபைலில் இருந்து பதிவு செய்ய வேண்டுமென்றால் கிளவுட் பதிவுதான், அதற்குக் காசு கட்ட வேண்டும். கூகுள் மீட்டில் சாதாரண இலவச ஜிமெயில் கணக்குக்குப் பதிவு செய்யும் வசதி கிடையாது. ஆபீஸ் கணக்கிலும் பிசினஸ் ஸ்டார்ட்டர் திட்டத்துக்குக் கிடையாது, ஸ்டாண்டர்டிலிருந்துதான்.

ஓபிஎஸ் ஸ்டுடியோ முழுக்க இலவசம், எந்த மீட்டிங்கையும் திரையிலிருந்து எடுத்துவிடும். ஆறு ஆடியோ ட்ராக் வரை தனித்தனியாகப் பதிவு செய்யும், அதனால் உங்கள் மைக் ஒன்றிலும் எதிர்முனைக் குரல் இன்னொன்றிலும் போகும்படி பிரித்து வைக்கலாம். எடிட்டிங் பழகியவர்களுக்கு இதுதான் கைக்கு வசமாக இருக்கும்.

நடுவில் கரண்ட் போனால்?

லேப்டாப் என்றால் இணையம் மட்டும்தான் போகும். டெஸ்க்டாப் என்றால் பதிவே போகலாம். எம்பி4 கோப்பில் எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்ற அட்டவணை வழக்கமாகப் பதிவு முடியும்போதுதான் எழுதப்படும். அதற்கு முன் மெஷின் அணைந்தால் ஒரு ஜிபி கோப்பு இருந்தும் எந்த பிளேயரிலும் திறக்காது. அதனால் ஓபிஎஸ்ஸில் எம்கேவி வடிவத்தில் பதிவு செய்யுங்கள், பாதியில் நின்றாலும் அதுவரை எடுத்தது இருக்கும். பிறகு ஃபைல் மெனுவில் ரீமக்ஸ் கொடுத்தால் தரம் குறையாமல் சீக்கிரமே எம்பி4 ஆகிவிடும். புதிய பதிப்புகளில் ஹைப்ரிட் எம்பி4 என்று வந்திருக்கிறது, அதுவும் இந்த ஆபத்தைத் தாங்கும்.

ஜூமில் மீட்டிங் முடிந்த பிறகுதான் கோப்பு எம்பி4 ஆக மாறத் தொடங்கும். அந்த நேரத்தில் லேப்டாப்பை மூடிவிட்டால் வீடியோவுக்குப் பதிலாக, மாற்றுவதற்கு டபுள் கிளிக் செய்யச் சொல்லும் பெயரில் ஒரு கோப்பு கிடக்கும். பயந்து அழித்துவிடாதீர்கள். ஜூம் இருக்கும் அதே கம்ப்யூட்டரில் அதை டபுள் கிளிக் செய்தால் விட்ட இடத்திலிருந்து மாற்றத் தொடங்கும்.

பதிவு செய்கிறோம் என்று சொல்லியே ஆக வேண்டுமா?

ஆமாம், ஒவ்வொரு தடவையும். ஜூம் பதிவு தொடங்கும்போது குரலாகவே அறிவிக்கும், கூகுள் மீட்டும் மைக்ரோசாஃப்ட் டீம்ஸும் திரையில் காட்டும். ஓபிஎஸ்ஸோ எந்த எடிட்டிங் சாஃப்ட்வேரின் ஸ்க்ரீன் ரெக்கார்டரோ யாருக்கும் எதையும் சொல்லாது. அதனால் அதைப் பயன்படுத்துகிறவர் வாயால் சொல்லியாக வேண்டும்.

2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவருடைய தகவலை எதற்காக எடுக்கிறோம் என்று அறிவிப்புக் கொடுத்துச் சம்மதம் வாங்கச் சொல்கிறது. அந்த அறிவிப்பை ஆங்கிலத்திலோ, தமிழ் உள்பட அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பும் தர வேண்டும் என்கிறது. 18 வயதுக்குக் கீழ் இருப்பவர் என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். டியூஷன் சென்டர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: சேர்க்கைப் படிவத்திலேயே தமிழில் ஒரு பத்தி போட்டுக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

சட்டத்தை விட்டுவிட்டாலும், மேனேஜர் மீட்டிங் தொடங்கும்போது "யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டால் புதிதாகச் சேர்ந்த பெண் வாயைத் திறப்பாளா? அதனால் முந்தின நாளே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்: "நாளை மீட்டிங்கைக் குறிப்பு எடுப்பதற்காகப் பதிவு செய்கிறோம். மூன்று மாதம் வைத்திருந்து அழித்துவிடுவோம். வேண்டாம் என்றால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள்." தனியாக என்ற அந்த வார்த்தையைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

மீட்டிங்குக்குள் தானே வந்து உட்காரும் பாட் நல்லதா?

ஃபயர்ஃபிளைஸ், ஆட்டர் போன்ற குறிப்பெடுக்கும் கருவிகளின் பாட், அதாவது தானாக இயங்கும் புரோகிராம், ஒரு ஆள் மாதிரி மீட்டிங்கில் சேர்ந்து பதிவு செய்யும். வேலை சுலபம்தான். ஆனால் காலண்டரை இணைக்கும்போது எல்லா மீட்டிங்கிலும் தானே சேரும்படி அமைப்பு இருந்தால் அதை உடனே அணையுங்கள். சம்பளம் பேசும் மீட்டிங்கிலும், யாரோ உடம்பு சரியில்லை என்று லீவ் கேட்கும் அழைப்பிலும் பாட் வந்து நிற்கக் கூடாது. வங்கி, ஆஸ்பத்திரி போன்ற கஸ்டமர்கள் என்றால் பாட் வரலாமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய எடிட்டிங் ப்ராஜெக்ட்களை என்ன செய்வது?

சாஃப்ட்வேரை நிறுத்துவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. ப்ரீமியரின் ப்ராஜெக்ட் கோப்பில் வீடியோ எதுவும் இருக்காது, வீடியோ எங்கே இருக்கிறது என்ற குறிப்பு மட்டும்தான் இருக்கும். அதை மட்டும் பென் டிரைவில் எடுத்து வைத்துப் பயனில்லை. ப்ராஜெக்ட் மேனேஜர் வழியாக எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் சேருங்கள். ரிசால்வில் சாதாரண ஏற்றுமதிக்குப் பதில் ப்ராஜெக்ட் ஆர்கைவ் எடுத்தால் வீடியோவும் கூடவே வரும். எது இல்லாவிட்டாலும், முடித்த வீடியோக்களை எம்பி4 ஆக எக்ஸ்போர்ட் செய்துவிடுங்கள். அதைத் திறக்க எந்தச் சந்தாவும் வேண்டாம்.

சந்தாவை ரத்து செய்தால் பணம் பிடிப்பார்களா?

ப்ரீமியரை விற்கும் அடோபியில் ஓர் ஆண்டு ஒப்பந்தம் போட்டு மாதாமாதம் கட்டும் திட்டம் என்றால் பிடிப்பார்கள். முதல் 14 நாளுக்குள் ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்ப வரும். அதற்கப்புறம் என்றால் மீதி மாதங்களுக்கான தொகையில் பாதி. ஆண்டு முடிய இரண்டு மாதம்தான் பாக்கி என்றால், கட்டிவிட்டு அந்த நேரத்தில் பழைய ப்ராஜெக்ட்களை எக்ஸ்போர்ட் செய்துகொள்வதுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. தானாகப் புதுப்பிக்கும் தேதியை மட்டும் காலண்டரில் குறித்துவையுங்கள்.

ஜூம் பதிவை எடிட்டரில் போட்டால் உதடும் குரலும் ஒட்டவில்லையே?

ஜூமிலும் போனிலும் எடுக்கும் வீடியோவில் ஒரு நொடிக்கு இத்தனை ஃப்ரேம் என்பது நிலையாக இருக்காது, இணையத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். எடிட்டர் நிலையான கணக்கை எதிர்பார்க்கும். தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போக விலகினால் காரணம் இதுதான். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட் தேர்ந்தெடுத்து ஒரு தடவை மாற்றிவிட்டுப் பிறகு எடிட் செய்யுங்கள்.

பதிவுகளை எங்கே வைப்பது? இடம் எவ்வளவு பிடிக்கும்?

எடிட்டரிலிருந்து 10 எம்பிபிஎஸ் பிட்ரேட்டில் (ஒரு நொடி வீடியோவுக்குச் செலவாகும் தரவின் அளவு) எக்ஸ்போர்ட் செய்தால் ஒரு மணி நேரம் சுமார் 4.5 ஜிபி. ஓபிஎஸ்ஸில் 2,500 கேபிபிஎஸ் வைத்தால் சுமார் 1.1 ஜிபி, பேசும் தலைகளுக்கும் ஸ்லைடுக்கும் அது தாராளம். கூகுளின் இலவச 15 ஜிபியை ஜிமெயிலும் போட்டோக்களும் பங்குபோடுவதால் அதை நம்பி இறங்காதீர்கள். டீம்ஸ் பதிவுகளுக்குக் காலாவதித் தேதி உண்டு, அட்மின் மாற்றாவிட்டால் வழக்கமாக 120 நாள். முக்கியமானதை முன்பே இறக்கிவிடுங்கள்.

கிளவுடில் மட்டும், அல்லது ஆபீஸ் ஹார்ட் டிஸ்கில் மட்டும் என்று வைக்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நகரத்தில் பல இடங்களில் மின்சாரமும் இணையமும் நாள்கணக்கில் இல்லை, வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் தரைத்தளத்தில் தண்ணீர் புகுந்தது. கிளவுடில் ஒன்று, ஹார்ட் டிஸ்கில் ஒன்று, அந்த டிஸ்க் மேல் அலமாரியில்.

ஒரே நாளில் மாறிவிடலாமா?

வேண்டாம். ஒரு மாதம் இரண்டையும் வைத்துக்கொண்டு, வாராவாரம் நடக்கும் ஒரே ஒரு மீட்டிங்கை மட்டும் புதுக் கருவியில் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு தடவையும் முதல் ஐந்து நிமிட எழுத்தை ஆடியோவோடு ஒப்பிட்டு எத்தனை இடத்தில் தப்பு என்று குறியுங்கள். தப்பு குறையவில்லை என்றால் கருவியை மாற்றுவதற்கு முன் மைக்கை மாற்றிப் பாருங்கள். ஒரு மாதம் முடிந்து அந்த எழுத்தை நம்பி ஒரு பில்லோ ஒரு மெயிலோ நிம்மதியாக அனுப்ப முடிகிறது என்றால், மற்ற மீட்டிங்குகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.